பேங்க் ஸ்டேட்மெண்ட் எக்செல்லில் கூட்ட மறுக்கிறதா? நான்கு வழிகளும் என் தேர்வும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவை நான்தான் பார்க்கிறேன். மாதா மாதம் நெட் பேங்கிங்கில் ஸ்டேட்மெண்டை இறக்கி எக்செல்லில் திறந்து கூட்டுவேன். ஒரு முறை கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வந்திருந்தால் உடனே உஷாராகியிருப்பேன், ஆனால் வந்தது நம்பும்படியான ஒரு தொகை. சில வரிகளை முன்பே கையால் திருத்தி அடித்திருந்ததால் அவை மட்டும் எண்ணாக மாறியிருந்தன, மற்றவை எல்லாம் பார்க்க எண் போலிருந்தும் எக்செல் கணக்கில் எழுத்தாகவே (டெக்ஸ்ட்) கிடந்தன. சம் ஃபார்முலா எழுத்தாக உள்ள கட்டங்களைச் சத்தமே இல்லாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டிவிடும். பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு பராமரிப்புப் பணம் குறைகிறது என்று மூன்று வீட்டுக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

எண்ணா எழுத்தா என்று பார்ப்பது எளிது. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்துக் கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள், கவுண்ட் மட்டும் காட்டி சம் காட்டாவிட்டால் எல்லாமே எழுத்து. கலவையாக இருந்தால் சம் வரும், அதனால் பக்கத்தில் ஒரு நெடுவரிசையில், கட்டத்தில் இருப்பது எண்ணா என்று சொல்லும் இஸ்நம்பர் ஃபார்முலா போட்டு ஃபால்ஸ் வருவதை ஃபில்டர் செய்வதுதான் நம்பகமானது. எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோலுடன் எஃப்8 அழுத்தினால் போதும், எண்கள் நீலத்திலும் எழுத்துகள் கறுப்பிலும் தெரியும். எக்செல்லில் இவ்வளவு வசதியான ஒன்று இல்லை. ஒன்று சொல்ல வேண்டும், ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றுவதால் மட்டும் எதுவும் நடக்காது. உள்ளே இருப்பது எழுத்துதான்.

சரி, இனி வழிகள்.

எல்லோரும் முதலில் சொல்வது, ஒரு காலிக் கட்டத்தில் 1 என்று அடித்து நகலெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் மல்டிப்ளை கொடுப்பது. பத்து வினாடி வேலை. எனக்கு இது பிடிக்காது. வரவு, பற்று என இரண்டு நெடுவரிசை உள்ள ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு வரியிலும் ஒன்று காலியாக இருக்கும், அந்தக் காலிக் கட்டங்களில் எல்லாம் 0 வந்து உட்காரும். கூட்டலுக்குக் கெடுதல் இல்லை, சராசரி எடுத்தால் தப்பாகிவிடும். அவசரத்தில் ரெஃபரன்ஸ் எண் நெடுவரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும், கோப்பைச் சேமித்த பிறகு பழைய எண் திரும்பக் கிடைக்காது.

டெக்ஸ்ட் டு காலம்ஸ் இதைவிட நல்லது. டேட்டா பட்டியில் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசைதான் செய்ய முடியும், ஆனால் மூன்றாவது படியில் உள்ள அட்வான்ஸ்டு பொத்தானில் புள்ளி எது, கமா எது என்று சொல்லலாம், 500- என்று பின்னால் மைனஸ் போட்டு வரும் தொகையையும் சரியாக எடுத்துக்கொள்ளும். அதே படியில் தேதிக்கு நாள்-மாதம்-வருடம் என்ற வரிசையையும் தேர்வு செய்யலாம். எப்போதாவது ஒரு முறை செய்பவருக்கு இது போதும்.

இந்த இரண்டும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. வலைப்பக்கத்திலிருந்து வரும் தரவில் தொகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும், கணினியில் அதன் குறியீட்டு எண் 160, சாதாரண இடைவெளிக்கு 32. வேண்டாத இடைவெளியை நீக்கும் ட்ரிம் ஃபார்முலா 32-ஐ மட்டுமே நீக்கும், அதனால் எத்தனை முறை ட்ரிம் போட்டாலும் அப்படியே நிற்கும். இங்கேதான் ஃபார்முலா வழி கைகொடுக்கிறது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் அந்த 160 எண் இடைவெளியை வெறுமையாக மாற்றி, அதை எழுத்தை எண்ணாக்கும் நம்பர்வேல்யூவுக்குள் போட்டு, புள்ளியும் கமாவும் எவை என்று சொல்லிவிட்டால் 1,23,456.00 ஒழுங்காக எண்ணாகும். மூலத் தரவு பக்கத்திலேயே கைபடாமல் இருப்பதால் ஆடிட்டர் கேட்டால் காட்டவும் முடியும். தொகையின் பின்னால் சிஆர் (வரவு), டிஆர் (பற்று) என்று வரும் ஸ்டேட்மெண்டுக்கும் இதுதான் சரி. ஃபைண்ட் ரிப்ளேஸில் அந்த எழுத்துகளை அழித்துவிட்டால் எண் கிடைத்துவிடும், ஆனால் எது பற்று எது வரவு என்ற விவரமும் கூடவே போய்விடும். கடைசி இரண்டு எழுத்து டிஆர் என்றால் மைனஸ் என்று ஒரு இஃப் எழுதிவிடுங்கள்.

நான் இப்போது பயன்படுத்துவது பவர் கொயரி, கோப்பிலிருந்து தரவை இழுத்து, ஒரு முறை சொன்ன மாற்றங்களை ஒவ்வொரு முறையும் தானே செய்யும் கருவி. 2016 முதல் எக்செல்லிலேயே சேர்ந்து வருகிறது. மாற நினைத்ததற்குக் காரணம் தொகை அல்ல, தேதி. அமெரிக்க ரீஜியன் வைத்த லேப்டாப்பில் சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டபுள் கிளிக் செய்து திறந்தால் ஏப்ரல் 5 ஆக வேண்டிய 05/04/2025 மே 4 ஆகிவிடும், 25/04/2025 மட்டும் எழுத்தாக நிற்கும். முதலாவது ஏற்கெனவே தவறான தேதியாக மாறிவிட்டதால் பின்னால் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போட்டாலும் சரியாகாது. பவர் கொயரியில் கோப்பைத் திறக்காமலே உள்ளே இழுத்து, தானாகப் போட்டுக்கொள்ளும் டைப் மாற்றத்தை நீக்கிவிட்டு, எந்த நாட்டு முறை என்று கேட்கும் யூசிங் லோகேல் என்பதில் இங்கிலீஷ் (இந்தியா) என்று ஒரு முறை சொன்னால் முடிந்தது. மாற்ற முடியாத கட்டம் கொயரி எடிட்டரில் எரர் என்று வெளிப்படையாகத் தெரியும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. முதல் முறை அமைக்க ஒரு மணி நேரம் எடுத்தது, அப்புறம் மாதா மாதம் புதுக் கோப்பை அதே ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்துவதோடு சரி.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு கட்டத்தில் இதைப் போடுங்கள்: ஆரம்ப இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் பற்று, கழித்தல் இறுதி இருப்பு, எல்லாம் ஒரு ரவுண்ட் ஃபார்முலாவுக்குள், இரண்டு தசமத்துக்கு. பூஜ்யம் வரும் வரை யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.