பட்டாளத்துத் தாத்தாவைத் தேடச் சந்தா கட்டலாமா? சில வருட அனுபவம்

நான் சந்தா கட்டும் வெளிநாட்டு வம்சாவளித் தளம், அதாவது முன்னோர்களைத் தேடும் இணையதளம், இந்த வாரம் ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குத் தருகிறது. உடனே நண்பன் கேட்டுவிட்டான்: "மச்சான், எங்க தாத்தாவும் மிலிட்டரிதான். நீ வருஷக்கணக்கா வச்சிருக்கியே, போடலாமா?" ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. தளத்தின் பெயர் வேண்டாம், இந்த வகைத் தளங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான்.

எனக்குத் தேட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கொள்ளுத்தாத்தா. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை, முதல் உலகப் போர், மெசபடோமியா (இன்றைய ஈராக்). வீட்டில் யாருக்கும் மெசபடோமியா தெரியாது, 'பஸ்ரா போய் வந்தவர்' என்றுதான் பேச்சு. இன்னொருவர் பாட்டியின் அண்ணன். இரண்டாம் போரில் பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். முதல் போரில் மெடல் வாங்கியவர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவம் ஆளுக்கொரு அட்டை போட்டு வைத்தது. 50 லட்சத்துக்கும் மேல் அட்டைகள், அவற்றில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் தொகுப்பு அது. அந்த அட்டைகளின் படங்கள் இந்தத் தளத்தில் பளிச்சென்று இருக்கின்றன. பெரிதாக்கினால் குமாஸ்தாவின் மை எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்பது வரை தெரிகிறது. கொள்ளுத்தாத்தாவின் அட்டையை முதலில் பார்த்தது அங்கேதான். பெயர், பதவி, படைப்பிரிவு, எண். ஊர் கிடையாது, அப்பா பெயர் கிடையாது. இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் அந்த அட்டையைப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. எண்ணை வைத்துத்தான் கிடைத்தது. எண் எங்கிருந்து வந்தது என்றால், மெடலின் விளிம்பிலிருந்து. முதல் போர் மெடல்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் குட்டி எழுத்தில் அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சியது விக்டரி மெடல், சிறகு வைத்த பெண் உருவம் போட்டது. அது வெண்கலம். அதோடு வந்த வெள்ளி மெடல் என்றைக்கோ உருகி யார் காலிலோ கொலுசாகியிருக்கும். மிஞ்சியதையும் பாட்டி ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ராஜாங்கம் அடித்த எழுத்தைப் பாதி கரைத்துவிட்டார். பெயரில் நடு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எண் மட்டும் முழுசாக எழுந்து நின்றது.

அந்த எண்ணைப் போட்டதும் அட்டை வந்தது. அதோடு சேர்ந்து வந்ததுதான் இந்தக் குடும்பப் பெயர் சனியன்.

கொள்ளுத்தாத்தாவின் பதவி நாயக். அட்டையைப் பார்த்துப் பட்டியல் போட்ட புண்ணியவான் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தளத்தைப் பொறுத்தவரை என் கொள்ளுத்தாத்தா நாயக் வம்சம். கோவாவிலும் மகாராஷ்டிராவிலும் இருக்கிற நாயக்குகள் எல்லாம் எனக்குப் பங்காளிகளாம், வாரம் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது. திருத்தம் அனுப்பினேன். திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, அதைப் 'பயனர் சொன்ன மாற்றுப் பெயர்' என்று கீழே சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, மேலே நாயக்கை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

சரி, நாமே குடும்ப மரம் போடலாம் என்றால் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் சேமிக்க விடாது. அப்பா பெயரைப் போட்டால் தாத்தா ஒரு வம்சம், அவர் பிள்ளை இன்னொரு வம்சம் என்று பிரித்துவிடுகிறது. இனிஷியலைப் போட்டால் 'முழுப் பெயரைத் தரவும்' என்று சிவப்பில் எரிகிறது. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். சேமித்தது. மறுநாளே, புள்ளி என்ற குடும்பப் பெயர் கொண்ட வேறு பலரோடு எங்களுக்கு உறவு இருக்கலாம் என்று தகவல் வந்தது. உதவி மையத்துக்கு எழுதினால், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி குடும்பப் பெயரை இடுமாறு பணிவன்புடன் பதில். கொள்ளுத்தாத்தா பிறந்தபோது ஊரில் சான்றிதழ் கொடுக்க யார் உட்கார்ந்திருந்தார்கள்? இத்தனை வருடத்தில் செயலியின் நிறம் மாறியது, சின்னம் மாறியது, செத்தவர் போட்டோவைச் சிரிக்க வைக்கும் வித்தை எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நட்சத்திரக் குறியை எடுக்க மட்டும் ஆள் இல்லை.

பாட்டியின் அண்ணன் விஷயத்தில் கட்டணத் தளம் ஒன்றுமே தரவில்லை. தந்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். அது முற்றிலும் இலவசம். 1917 முதல் இருக்கும் அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் விவரம் அவர்களிடம் இருக்கிறது. தேடும் பக்கத்தில் பெயரைக் காலியாகவே விடலாம்! மெட்ராஸ் ரெஜிமென்ட், இரண்டாம் போர் என்று மட்டும் தேர்ந்தெடுத்து, 'கூடுதல் தகவல்' பெட்டியில் மாவட்டத்தின் பெயரைப் போட்டேன். மாவட்டத்தை வெள்ளைக்காரன் எழுதியபடி எழுத வேண்டும். வட ஆற்காடு, செங்கல்பட்டு, திருநெல்வேலி எல்லாம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில்தான் கிடைக்கும், வேலூர் மாவட்டம், திருவண்ணாமலை மாவட்டம் என்று தேடினால் பயனில்லை.

வந்த பட்டியலைக் கணினியில் இறக்கி, ஊர்ப் பெயரை மட்டும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். எங்கள் ஊர் ஒரு இடத்தில் வந்தது. அந்த வரியில் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், வட ஆற்காடு என்று இருந்தது. கணவர்! அவருக்குக் கல்யாணம் ஆன விஷயமே எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. அத்தைக்குப் போன் செய்து அந்தப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஆமாண்டா, ஒரு அண்ணி இருந்தாங்கன்னு எங்கம்மா சொல்லும். தந்தி வந்த வருஷமே அவங்க வீட்டாளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். பேரு யாருக்கும் ஞாபகம் இல்ல" என்றார். எங்கள் வீட்டில் தொலைந்துபோன ஒரு பெண்ணின் பெயரைப் பட்டாளத்துக் குமாஸ்தா பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பாட்டியின் அண்ணன் பெயர் இருப்பது ரங்கூன் நினைவுச்சின்னத்தில், இன்றைய யாங்கோனுக்கு வடக்கே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில். கல்லறை இன்னதென்று தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எந்தத் தூணில் எந்த முகப்பு என்ற எண் வரை அந்தப் பக்கத்தில் குறித்திருக்கிறார்கள்.

அதனால் ஆணையத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டும் என்று சொல்லவில்லை. பஸ்ரா நினைவுச்சின்னத்தில் 40,000 பேருக்கு மேல் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் கல்லில் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். இந்த மாதிரி ஓரவஞ்சனை உலகம் முழுக்க நடந்ததை ஆணையமே 2021-ல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நம்மூர்ப் பக்கம் பழைய சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள்: இந்தக் கிராமத்திலிருந்து பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர். யார் யார் என்று கேட்டால் கல் என்ன சொல்லும்?

இன்னொன்று, ஆணையத்தின் பட்டியல் செத்தவர்களுக்கு மட்டும்தான். நண்பனின் தாத்தா பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்துப் போனவர். அவரை அங்கே தேடிப் பயனில்லை. உயிரோடு திரும்பியவர்களுக்குத்தான் சிக்கலே. லண்டனில் இருக்கும் இந்தியா ஆபீஸ் (அன்று இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்களில் வெள்ளை அதிகாரிகளைப் பற்றி மலை போலக் கிடக்கிறது, இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவேடு அந்தந்தப் படைப்பிரிவோடு இந்தியாவிலேயே இருந்துவிட்டது. அந்தப் படைப்பிரிவே இப்போது இல்லையென்றால்? 61, 64, 81 என்று எண் போட்ட பயனியர் (பாதை போடுவது, பள்ளம் வெட்டுவது போன்ற வேலை செய்யும் சிப்பாய்கள்) படைகளை 1922-ல் ஒன்றாக்கி மெட்ராஸ் பயனியர்ஸ் என்றார்கள். 1933-ல் அதையும் கலைத்துவிட்டார்கள். சாப்பர்ஸ் கொடுத்து வைத்தவர்கள், பெங்களூரில் இன்றும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்று இருக்கிறது, 'தம்பி' என்ற செல்லப் பெயரும் அப்படியே இருக்கிறது.

பஞ்சாப்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில் கிராமம் கிராமமாக முதல் போருக்குப் போன ஏறக்குறைய 3,20,000 பேரின் விவரம் இருந்தது. இறந்தவர், திரும்பியவர் இருவருமே அதில் உண்டு. 2021-லிருந்து அதை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒன்று என் கண்ணில் படவே இல்லை.

நண்பனுக்குச் சொல்வது இதுதான். முதலில் பரணில் ஏறு. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புக், மெடல், எதில் இருந்தாலும் எண்ணைப் பிடி. மெடலைத் துடைக்காதே, விளிம்பைப் பார். ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் குதிரைக்காரன் போட்ட மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் அது தொழிலாளர் படை (லேபர் கோர்) ஆட்களுக்குக் கொடுத்தது, தேட வேண்டிய இடமும் வேறு. கியூ காப்பகத்தின் அட்டவணையில் தேடுவது இலவசம், அட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கட்டணத் தளம் கொடுத்த அட்டையைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன். ஆனாலும் பாதி விலை இல்லை, கால் விலைக்குத் தந்தாலும் கட்டாதே. ஒரு மாதச் சந்தா போதும், தானாகப் புதுப்பிக்கும் குறியை முதல் நாளே எடுத்துவிடு. அதுவும் வேண்டாம், என் சந்தா அடுத்த ஆடி வரைக்கும் ஓடும். போன வாரம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு புதுப்பித்தேன், முழு விலையில். எண்ணை அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். குடும்பப் பெயர் மட்டும் அனுப்பாதே.