வேலை மாறும் செவிலியர்கள் கவனத்துக்கு: வாயால் சொன்ன டியூட்டி நேரத்தை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள்

ஆஸ்பத்திரி மாறும்போது நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது சம்பளத்தில் அல்ல, நேரத்தில். சம்பளம் ஆஃபர் லெட்டரில் எண்ணாக இருக்கும். குறைத்தால் முதல் மாதமே தெரிந்துவிடும். நேரம் அப்படி இல்லை. "எட்டு மணி நேர ஷிஃப்ட், வாரம் ஒரு ஆஃப், நைட் அதிகம் வராது" என்று இன்டர்வியூவில் சொல்வார்கள். லெட்டரில் "நிர்வாகத்தின் தேவைக்கேற்பப் பணி நேரம் மாறும்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால், முன்பு பேசியது எதுவும் செல்லாது.

வாக்குக் கொடுப்பவர் ஒருவர், டியூட்டி லிஸ்ட் போடுபவர் இன்னொருவர். பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஹெச்.ஆருக்குக் காலியிடம் நிரம்பினால் போதும். நீங்கள் என்ன பேசிச் சேர்ந்தீர்கள் என்பது வார்டு இன்சார்ஜின் காதுக்கே போயிருக்காது. ஓபிடியில் (புறநோயாளிப் பிரிவில்) பகல் டியூட்டி மட்டும் என்று நம்பி, கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர், சில வாரத்தில் ஐசியு நைட் லிஸ்ட்டில் தன் பெயரைப் பார்க்கிறார். கேட்டால், "எனக்கு யாரும் சொல்லலையே சிஸ்டர், ஆள் இல்லை, இந்த மாசம் மட்டும் பாருங்க" என்று பதில் வருகிறது. இன்சார்ஜ் பொய் சொல்லவில்லை, அவரிடம் உண்மையிலேயே ஆள் இல்லை. ஆனால் அதற்குள் பழைய இடத்தில் ரிலீவ் ஆகியாயிற்று, திரும்பிப் போக வழியில்லை.

லிஸ்ட்டைப் படிக்கத் தெரிந்தால்தான் நேரம் எங்கே போகிறது என்பது புரியும். முதலில் ஹேண்ட்ஓவர். டியூட்டிக்குக் கால் மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். முடிந்த பிறகு பெட் பெட்டாகப் போய் ஒப்படைத்து, போதை மருந்துக் கணக்கைச் சரிபார்த்து, நோட்ஸ் எழுதி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். ஒரு டியூட்டிக்கு 45 நிமிடம் என்றால், 26 டியூட்டிக்குப் பத்தொன்பதரை மணி நேரம். மாதம் இரண்டு முழு டியூட்டிக்கும் மேலாகச் சம்பளமில்லாத வேலை. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பஞ்ச் வைத்துவிட்டு வந்து நோட்ஸ் எழுதச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் ஓ.டி. (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) கேட்டால், எட்டு மணி நேரம்தான் வேலை பார்த்தீர்கள் என்று உங்கள் விரல் ரேகையே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

அடுத்தது நைட் முடிந்த நாளை வார ஆஃபாகக் கணக்குக் காட்டுவது. செவ்வாய் காலை 8 மணிக்கு நைட் முடிகிறது. லிஸ்ட்டில் செவ்வாய்க்கு நேராக 'ஆஃப்'. புதன் காலை 8 மணிக்கு மார்னிங் டியூட்டி. பார்வைக்கு ஒரு நாள் விடுமுறை. உண்மையில் கிடைத்தது 24 மணி நேரம், அதில் பாதி தூங்கியே போயிருக்கும். ஈவினிங் முடித்து இரவு 9 மணிக்குக் கிளம்பியவரை மறுநாள் காலை 7 மணிக்கு மார்னிங் போடுவதும் இதே ரகம். பயணம், குளியல், சாப்பாடு போக ஆறு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு செவிலியர்களுக்கென்றே 1977-இல் 157-ஆம் பரிந்துரையை வெளியிட்டது. ஓ.டி. சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு, வார ஓய்வு எந்த நிலையிலும் தொடர்ச்சியாக 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அது. பரிந்துரை என்பதால் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பேச்சுவார்த்தையில் இந்த மூன்று எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பதில் தவறே இல்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த செவிலியர்களிடம் தவறு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. டபுள் டியூட்டியில் டோஸ் மாறிப்போனால் மெடிக்கேஷன் சார்ட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். டபுள் டியூட்டி பார்க்கச் சொன்னவர் பெயர் அங்கே இருக்காது.

பேச வேண்டிய நேரம், உங்களைத் தேர்வு செய்துவிட்டதாகச் சொன்ன பிறகு, நீங்கள் சம்மதம் சொல்வதற்கு முன்பு. அந்த இடைவெளியில்தான் உங்கள் பேச்சுக்கு எடை உண்டு. சேரப்போகும் வார்டின் இன்சார்ஜை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போன இரண்டு மாத டியூட்டி லிஸ்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயர்களை மறைத்துக் காட்டினாலும் போதும். ஒருவருக்கு மாதம் எத்தனை நைட், தொடர்ந்து எத்தனை, நைட்டுக்கு அடுத்த நாள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். லிஸ்ட்டைக் காட்டவே மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

பேசி முடித்த அன்றே, பேசியதை ஹெச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டன்டுக்கும் நகல் அனுப்புங்கள். 'வசதியான நேரம்' என்றெல்லாம் எழுதினால் பயனில்லை. "வாரத்துக்கு ஹேண்ட்ஓவர் உட்பட 48 மணி நேரம், மாதம் அதிகபட்சம் 6 நைட், நைட் முடியும் நாள் வார ஆஃபாகக் கணக்கிடப்படாது, லிஸ்ட் 2 வாரம் முன்பே தரப்படும், வேறு வார்டுக்கு மாற்றினாலும் இவை பொருந்தும்" என்று எண்களோடு இருக்க வேண்டும். எண்கள் அவரவர் நிலைமைக்கேற்ப மாறலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்; பாதிப் பேர் மாட்டுவது வார்டு மாற்றத்தில்தான். இவை ஆஃபர் லெட்டரிலோ அதன் இணைப்பிலோ ஏறி, கையெழுத்தோடு உங்கள் கைக்கு வந்த பிறகே பழைய இடத்தில் ராஜினாமா கொடுங்கள். உடனே சேர்ந்தால்தான் வேலை என்று அவசரப்படுத்தினால், நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் வருகிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்று அர்த்தம். அப்படிப் போனால் பழைய இடத்தில் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்குவது சிக்கலாகும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் முதல் வாரத்திலிருந்தே வந்த நேரம், போன நேரம் இரண்டையும் தனி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். லிஸ்ட் மாற மாறப் போட்டோ எடுத்து வையுங்கள். நோயாளி விவரம் எதுவும் படத்தில் விழக் கூடாது. புகாரை எழுத்தில் கொடுங்கள், அதுவும் ப்ரொபேஷன் (தகுதிகாண் காலம்) முடிவதற்குள். பல ஒப்பந்தங்களில் அந்தக் காலத்தில் விலக நோட்டீஸ் நாட்கள் குறைவு. எவ்வளவு கோபம் வந்தாலும் ஷிஃப்ட்டுக்கு நடுவே நோயாளிகளை ஒப்படைக்காமல் வெளியேறாதீர்கள். அதை நர்சிங் கவுன்சிலுக்குப் புகாராக அனுப்பினால் வேலை மட்டுமல்ல, உங்கள் செவிலியர் பதிவே கேள்விக்குள்ளாகும்.