இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பின்: சர்ஜிக்கல் கடைச் சாமான்களில் எது காசுக்குத் தகும்?

தொடை எலும்பின் மேல்முனை உடைந்து ஆபரேஷன் ஆன முதியவரை டிஸ்சார்ஜ் செய்யும் நாளில், சர்ஜிக்கல் கடையில் போடப்படும் பில் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட், வாக்கர், கமோட் சேர், பெட் பேன், காலில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், கூடவே கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கும் ஒரு ரப்பர் காற்று வளையம். இவற்றில் ஏர் பெட்டுக்கு அரை மணி நேரம் பேரம் நடக்கும். வாக்கரை யாரும் விரித்துக்கூடப் பார்ப்பதில்லை, மடித்தபடியே ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். நோயாளியின் பக்கம் இருந்து பார்த்தால் இந்த அக்கறை தலைகீழாக இருக்க வேண்டும். உடைந்த இடத்தில் கம்பி வைத்தாலும், இடுப்பு மூட்டின் பந்தையே மாற்றினாலும், பெரும்பாலானோரை மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய வழக்கம். எழுந்து நடக்கப் போகிறவருக்கு முதன்மையான சாமான் வாக்கர். ஆனாலும் கேள்விகள் அதிகம் வருவது ஏர் பெட்டைப் பற்றி என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். கடையில் ‘வாட்டர் பெட்’ என்று கேட்டால் சிலர் ஏர் பெட்டைத் தருவார்கள், சிலர் உண்மையிலேயே தண்ணீர் நிரப்பும் ரப்பர் மெத்தையை எடுத்துப் போடுவார்கள். தண்ணீர் மெத்தை கனம் அதிகம், நோயாளியைத் திருப்பும்போது அலையடிக்கும், அழுத்தத்தை இடம் மாற்றும் வேலை அதில் நடக்காது. பம்ப் உள்ள ஏர் பெட் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஏர் பெட்டில் இரண்டு வகை. முட்டை அட்டை மாதிரி புடைப்புகளோடு ஒரே விரிப்பாக வருவது பபிள் பெட். தனித்தனிக் குழாய்களைக் குறுக்கே அடுக்கிக் கட்டியது ட்யூப் பெட். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: பம்ப் ஒரு வரிசையில் காற்றை ஏற்றி அடுத்த வரிசையில் இறக்கும், சில நிமிடங்கள் கழித்து மாற்றிப் போடும். ஒரே இடத்துத் தோல் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தொடர்ந்து நசுங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பபிள் பெட் மலிவு, மெல்லியது, ஒல்லியான உடம்புக்குப் போதும். எடை அதிகமுள்ளவர் படுத்தால் புட்டம் அடி மெத்தையைத் தொட்டுவிடும் வாய்ப்பு அதிகம். அதில் ஊசித் துளை விழுந்தால் கூட வரும் ஒட்டுத்துண்டு வேலை செய்யும், ஆனால் புடைப்பின் ஒட்டுவாயில் விட்டுப்போனால் தூக்கிப்போட வேண்டியதுதான். ட்யூப் பெட்டில் கெட்டுப்போன குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்குள் வாக்கரில் நடக்கப் போகிறவர், தானே புரண்டு படுக்கக்கூடியவர் என்றால், வீட்டில் நல்ல கனமான ஃபோம் மெத்தை இருக்கும் பட்சத்தில் ஏர் பெட் இல்லாமலே சமாளிக்கலாம். ஏற்கெனவே பக்கவாதம், மறதி நோய், நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர், அல்லது ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லப்பட்டவர் என்றால், கூடுதல் பணம் கொடுத்து ட்யூப் பெட்டே வாங்குங்கள். ஒரு விலக்கும் உண்டு. விழுந்ததில் முதுகெலும்பும் உடைந்து, அது இன்னும் உறுதிப்படவில்லை என்றால், டாக்டர் சொல்லாமல் ஏர் பெட்டில் படுக்க வைக்கக் கூடாது. அடியில் மெத்தை ஏறி இறங்குவதே அங்கு ஆபத்து.

விரிக்கும் முறையில்தான் பாதிப் பயன் வீணாகிறது. ஏர் பெட்டை வெறும் பலகைமேலோ நடுவில் குழி விழுந்த பழைய மெத்தைமேலோ போடக் கூடாது. சமமான மெத்தைமேல் விரித்து, இரு முனை மடிப்புகளையும் அடியில் செருகுங்கள். குழாய் வரும் பக்கம் கால்மாட்டில் இருக்கட்டும். பம்பைக் கட்டிலின் கால்பலகையில் மாட்டுங்கள், தரையில் வைத்தால் தூசியும் மாப் தண்ணீரும் உள்ளே போகும். ஆள் படுப்பதற்கு முன் பம்பின் அழுத்தக் குமிழைக் கடைசிவரை திருகி அரை மணி நேரம் ஓடவிட்டு, படுத்தபின் எடைக்கேற்பக் குறையுங்கள்.

குமிழ் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைக் கையே சொல்லும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, புட்டத்துக்கு நேர் கீழே உள்ளங்கையை மேல்பார்க்க விரித்து நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓரங்குலமாவது காற்று தாங்க வேண்டும். வால் எலும்பு கையில் நெருடினால் காற்று போதவில்லை. ஏர் பெட் பலகை மாதிரி விறைத்து நின்றால் காற்று அதிகம். பம்ப் வரிசை மாற்றியபின் இன்னொரு முறை பாருங்கள்.

அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டி மாதிரி, தளர்வாக. நடைமுறையில் காண்பது ரப்பர் ஷீட், அதன்மேல் நான்காய் மடித்த போர்வை, அதன்மேல் டயபர் ஷீட். இத்தனை அடுக்குக்கு மேல் படுத்தால் கீழே காற்று ஏறுவதும் இறங்குவதும் தோலுக்குத் தெரியாது. வியர்வைதான் மிஞ்சும்.

இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்காது: ஏர் பெட் இருந்தாலும் தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பத்தான் வேண்டும். முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் புண் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். ஆபரேஷன் செய்த பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கலாமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்திவிட்டு மணிக்கணக்கில் அப்படியே விட்டால் உடம்பு கீழே சரியும். தோல் துணியோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நழுவும். அந்த இழுப்பிலும் புண் உண்டாகும். சாப்பாட்டுக்கு உயர்த்துங்கள், சாப்பிட்டுச் சிறிது நேரம் கழித்து இறக்குங்கள்.

குதிகால் விஷயத்தில் ஏர் பெட் தோற்றுப்போகும். சிறிய எலும்பு, மேலே சதையே இல்லை, இரண்டு புடைப்புக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தலையணையை நீளவாக்கில் கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் வைத்து, குதிகாலை விளிம்புக்கு வெளியே தொங்க விடுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகினால் தடையில்லாமல் போக வேண்டும். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் சுருட்டி வைப்பது வேண்டாம், அது பின்னங்காலின் ரத்த ஓட்டத்தை நெரிக்கும், மடங்கிய முட்டி நிமிர மறுக்கும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தே கிடந்தால் முட்டிக்குக் கீழே வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கும். தினமும் ஒரு தடவை பாதத்தை முகம் பார்க்க மேலே இழுக்கச் சொல்லுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

தோலைப் பார்க்கும் விதமும் முக்கியம். நம் நிறத்துக்குச் ‘சிவந்திருக்கிறதா’ என்று தேடினால் கண்ணில் படாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து அல்லது ஊதா ஏறி, தொட்டால் சூடாக, கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவது பலரும் பாசத்தோடு செய்யும் தவறு, உள்ளே ஏற்கெனவே நைந்த திசு இன்னும் நையும். கடைக்காரர் கொடுத்த காற்று வளையத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் நடுப்பகுதி தப்பிக்கும் என்று தோன்றும். சுற்றிலும் வளையம் அழுத்துவதால் அந்த நடுப்பகுதிக்குப் போகும் ரத்தமே குறைந்துவிடும். பில்லில் இருந்து அடித்துவிட வேண்டிய முதல் சாமான் அதுதான்.

கரண்ட் போனால் பல பபிள் பெட்டுகளில் காற்று மெல்ல இறங்கும். பம்பில் இருந்து குழாய்களைக் கழற்றி, முனையை மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். பம்ப் இழுப்பது சில வாட்தான், இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுவது சுலபம்.

இனி வாக்கர். நிற்க வைத்துப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் சிபாரிசு. ஆள் கடைக்கு வர முடியாது என்றால், நான்கு காலிலும் பொத்தான் அழுத்தி உயரம் மாற்றும் வகையாக வாங்கி, வீட்டில் சரிசெய்யுங்கள். நோயாளி செருப்புப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டு ரேகைக்கு நேராகக் கைப்பிடி வர வேண்டும். பிடித்தபின் முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கும். உயரமாக வைத்தால் தோள் காதுவரை ஏறி, கை எடையைத் தாங்காது. தாழ்வாக வைத்தால் கூன் போட்டு, தலை முன்னே போய் கவிழும். நான்கு பொத்தானும் ஒரே எண்ணிக்கைத் துளையில் ‘டக்’ என்று வெளியே வந்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் பாதி வெளியே வந்து நிற்பது சாதாரணமாக நடக்கும், எடை விழுந்ததும் அந்தக் கால் உள்ளே போய்விடும்.

‘இது நடக்க நடக்க மாறி மாறி நகரும்’ என்று சொல்லி ஒருவகை வாக்கரைக் காட்டுவார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் தனித்தனியே அசையும் கீல் உள்ளது. ஒரு காலில் பாதி எடையைக் கையால் தாங்க வேண்டியவருக்கு அது ஆகாது, கைக்குக் கீழே சட்டம் ஆடும். அசையாத சட்டம் உள்ளதையே கேளுங்கள். தூக்கி வைக்கத் தெம்பில்லாதவருக்கு முன்கால் இரண்டில் மட்டும் சக்கரம் இருப்பது ஒத்துவரும், நான்கிலும் சக்கரம் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

முதலில் வாக்கர், பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். இதுதான் வரிசை. வாக்கரின் நான்கு காலும் தரையில் பதிந்தபின்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். முன்பட்டை வரை போய் ஒட்டி நின்றால் பின்னால் சாயும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவதுதான் மறுபடி விழுவதற்குச் சுருக்கு வழி. நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து, நிமிர்ந்தபின் ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்றச் சொல்லுங்கள். எவ்வளவு எடை ஊன்றலாம் என்பது உடைந்த விதத்தையும் வைத்த கம்பியையும் பொறுத்தது, அடுத்த வீட்டுக்காரர் அனுபவம் இதற்குச் செல்லாது.

அடியில் உள்ள ரப்பர் புஷ்களைக் கவிழ்த்துப் பாருங்கள். வரிகள் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டால் மாற்றியாக வேண்டும், டைல்ஸ் தரையில் அது சறுக்கும். தனியாகவே கிடைக்கும், சில்லறைக் காசுதான், உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். ஹவாய் செருப்புக்கும் விடை கொடுங்கள், பின்வார் உள்ள செருப்பு போதும்.

கமோட் சேரில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். பந்து மாற்றியவர் உட்காரும்போது இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தால், முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்கும்படி ஆசனம் இருக்க வேண்டும். குட்டையான பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு விற்பது மலிவு, ஆனால் ஈரத் தரையில் கால் விரியும். இரும்புச் சட்டம், கால் உயரம் மாற்றும் வசதி, இரு கை, நழுவாத புஷ் உள்ளதை எடுங்கள். வாளியைக் கழற்றிவிட்டு வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேலேயே நிறுத்த முடிகிற அகலமா என்று அளந்து பார்த்து வாங்கினால், தனியே உயர்த்தும் சீட் செலவு மிச்சம்.

பெட் பேன் வாங்கும்போது ‘ஸ்லிப்பர் பேன்’ என்று கேளுங்கள். ஒரு முனை தட்டையாக, மறுமுனை உயரமாக இருக்கும். தட்டை முனையை புட்டத்துக்கு அடியில் முன்பக்கமிருந்து நுழைத்துவிடலாம், இடுப்பை உயரத் தூக்க வேண்டியதில்லை. வட்டமான பழைய பேனில் ஏற்றி இறக்குவதும் நோயாளி மலம் கழிப்பதையே தள்ளிப்போட்டு மலச்சிக்கலில் முடிய ஒரு காரணம்.

ஸ்டாக்கிங்ஸ் டாக்டர் எழுதினால் மட்டும். காலை எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து சைஸ் வாங்க வேண்டும், ‘மீடியம்’ என்று குத்துமதிப்பாகக் கேட்கக் கூடாது. மேல்விளிம்பு சுருண்டால் கயிறு மாதிரி இறுக்கும். தினமும் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இது போடக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் தடவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு. கூடவே மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ்.

வாடகைக்கு எடுப்பதானால் கட்டிலை எடுங்கள், கமோட் சேரையும் எடுக்கலாம். ஏர் பெட் விரிப்பைப் புதிதாக வாங்குங்கள், பிறர் படுத்ததைச் சரியாகச் சுத்தம் செய்தார்களா என்பது தெரியாது. பம்பை மட்டும் வாடகைக்குத் தருகிறார்கள் என்றால் கடையிலேயே அரை மணி ஓடவிட்டு, இரண்டு குழாய் முனையிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஒன்றில் காற்று தள்ளும்போது மற்றதில் தணிந்து, சில நிமிடத்தில் இடம் மாற வேண்டும். இரண்டிலும் எப்போதும் ஒரே அளவாக வந்தால் அந்தப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.