தண்ணீர் கட்சியா, மீத்தேன் கட்சியா?

வேற்றுலகில் உயிர் இருந்தால் அதற்கும் தண்ணீர் வேண்டுமா? இந்த வழக்கைப் பேச சனிக் கோளின் இரண்டு நிலவுகளே போதும். என்செலடஸ் தண்ணீர் பக்கம், டைட்டன் மீத்தேன் பக்கம்.

என்செலடஸ் சுமார் 500 கிலோமீட்டர் விட்டமுள்ள சின்ன உருண்டை. பனி ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல். தென்துருவ வெடிப்புகள் வழியே அந்தக் கடல் வெளியே பீய்ச்சியடிப்பதை 2005-இல் காசினி விண்கலம் கண்டது. பிறகு அந்தத் தாரைக்குள்ளேயே புகுந்தும் போனது. அது தந்த தரவுகளில் ஹைட்ரஜன் இருப்பது 2017-இலும், உயிருக்குத் தேவையான பாஸ்பேட் இருப்பது 2023-இலும் வெளிவந்தன. பூமியின் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்தே பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஆக, அங்கே சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. சாப்பிட ஆள் இருக்கிறதா என்பதுதான் பாக்கி.

டைட்டனில் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். தண்ணீர் அங்கே பாறை. மழை, ஆறு, ஏரி எல்லாம் குளிரில் திரவமாகிவிட்ட மீத்தேன், ஈத்தேன் வாயுக்கள்தான். பார்க்க அழகு, குடியிருக்கக் கஷ்டம். அந்தக் குளிரில் வேதிவினைகள் ஊர்ந்துதான் நடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், மீத்தேனில் உப்பும் கரையாது, சர்க்கரையும் கரையாது, புரதமும் கரையாது. நம் செல்லின் சவ்வு உருவாவதே கொழுப்பு மூலக்கூறின் வால் தண்ணீரைவிட்டு ஒதுங்குவதால்தான். மீத்தேனில் அது ஒதுங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் அக்ரிலோநைட்ரைல் என்ற கரிம மூலக்கூறால் சவ்வு கட்டலாமே என்று 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த மூலக்கூறு டைட்டனில் இருப்பதும் 2017-இல் உறுதியானது. சரி, வழி பிறந்தது என்று பார்த்தால், அது தானாக ஒன்றுகூடிச் சவ்வாகாது என்று 2020-இல் வேறொரு கணக்கு வந்து நின்றது.

அம்மோனியாவுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நன்றாகக் கரைக்கும், ஆனால் உறைந்தால் மூழ்கிவிடும், தண்ணீர்ப் பனிபோல மிதந்து கடலைப் போர்த்திக் காக்காது. தவிர, அம்மோனியாக் கடல் எதையும் இதுவரை யாரும் கண்டதில்லை.

என் பந்தயம் என்செலடஸ் மேல்தான். ஆனால் ஒன்று: அங்கே உயிர் கிடைத்தாலும் இந்த வழக்கு தீராது. தண்ணீர் இருந்தால் உயிர் வரும் என்று தெரியுமே தவிர, தண்ணீர் இல்லாமல் வராது என்று ஆகிவிடாது. அதற்கு டைட்டனில்தான் தேட வேண்டும். 2028-இல் கிளம்பவிருக்கும் நாசாவின் டிராகன்ஃபிளை விண்கலம் 2034-இல் அங்கே போய்ச் சேரும். அதுவும் போகப்போவது செல்க் என்ற மோதல் பள்ளத்துக்கு. காரணம், விண்கல் மோதிய சூட்டில் பனி உருகி, அங்கே கொஞ்ச காலம் தண்ணீர் தேங்கியிருக்கலாமாம்!