கண்ணில் சதை வளர்ச்சி: சொட்டு மருந்து போதுமா, அறுவை என்றால் எந்த முறை?

பாலக்கோட்டுத் தக்காளிக் காட்டிலும் கிருஷ்ணகிரி கிரானைட் குவாரியிலும் வருடக்கணக்காக வெயில், காற்று, தூசியில் நிற்பவர்களுக்கு மூக்கோரத்து வெள்ளைவிழியில் சதை எழும்புவது சகஜம். மஞ்சள் மேடாகக் கருவிழிக்கு வெளியிலேயே நின்றுவிட்டால் அது பிங்குவெகுலா. அதை வெட்டும் தேவை அநேகமாக வராது. இரத்தக் குழாய்களோடு முக்கோணமாகக் கருவிழி மேல் ஏறினால் டெரிஜியம்.

சொட்டு மருந்து எரிச்சலையும் சிவப்பையும் குறைக்கும், சதையைக் கரைக்காது. கண்ணீர் சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடலாம். ஸ்டீராய்டு சொட்டை மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எல்லாம் கிருமியைக் கொண்டுபோய் விடும் வழி, அவ்வளவுதான்.

சதை பார்வை மையத்தை நோக்கி நகர்ந்தாலோ, கண்ணாடியில் சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு கோணலாவதைச் சரிக்கட்டும் பவர்) ஏறிக்கொண்டே போனாலோ அறுவை. அழகுக்காக மட்டும், அதுவும் இளவயதில், அவசரப்பட வேண்டாம்; அந்த வயதில்தான் மறுபடி வளர்வது அதிகம்.

உண்மையான வித்தியாசம் அறுவை முறையில்தான். சதையை மட்டும் எடுத்து வெள்ளைவிழியைத் திறந்தே விடுவது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் மூன்றில் ஒருவருக்காவது திரும்ப வரும், சில ஆய்வுகளில் பாதிக்கும் மேல். வந்தால் முன்னைவிட முரட்டுத்தனமாக வரும். செலவு குறைவு என்பதற்காக இதை ஒத்துக்கொள்ள வேண்டாம். அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை, வெட்டிய இடத்தைவிட 1 மி.மீ. வரை பெரிதாக எடுத்து ஒட்டினால் மறுவளர்ச்சி வெகுவாகக் குறையும். சவ்வுக்கு அடியிலுள்ள தடித்த திசு ஒட்டிக்கொண்டே வந்தால் ஒட்டு சுருங்கிவிடும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு மேல்பக்கத்தைப் பிற்கால அறுவைக்காக விட்டுவைத்து, கீழிருந்து எடுப்பார்கள்.

ஒட்டைப் பிடிக்க வைக்க மூன்று வழி. தையல் உறுதியானது, ஆனால் நேரம் பிடிக்கும், சில வாரம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். பைப்ரின் பசையில் (இரத்தத்தை உறைய வைக்கும் புரதத்தாலான பசை) வலியும் நேரமும் குறைவு, மறுவளர்ச்சியும் தையலைவிடக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது; விலைதான் இடிக்கும். நோயாளியின் சொந்த இரத்தமே உறைந்து ஒட்டிக்கொள்ளும் முறைக்குப் பசைச் செலவில்லை, ஆனால் முதல் சில நாளில் ஒட்டு நகரும் ஆபத்து மற்ற இரண்டைவிட அதிகம். கண்ணைத் தேய்க்கும் பழக்கமுள்ளவருக்கு அது சரிவராது. பசைக்குப் பணமிருந்தால் பசை, இல்லையென்றால் தையல் என்பது எங்கள் கணக்கு. மைட்டோமைசின் மருந்தும் மறுவளர்ச்சியைத் தடுக்கும்; அளவு மீறினால் வெள்ளைவிழியே அரித்துப்போகும், அதனால் திரும்ப வந்த சதைக்கு மட்டும் யோசிக்கலாம்.

மாங்காய் அறுவடையும் ஆடிக் காற்றும் ஓய்ந்த பிறகு தேதி வாங்குவது நல்லது. அறுவைக்குப் பிறகு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு சொட்டை ஒன்றிரண்டு மாதம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், இடையில் அழுத்தம் பார்க்க வேண்டும். மறுவளர்ச்சி பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும். பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடியும் அகலத் தொப்பியும் அதற்குப் பிறகும் வேண்டும். புரையும் இருந்தால் சதையை முதலில் எடுத்து, கருவிழி வளைவு நிலைத்தபின் லென்ஸ் பவர் அளப்பது சரி.

வேகமாக வளர்வது, ஜெல்லி போலவோ வெள்ளைப் படலமாகவோ இருப்பது, சுற்றிலும் தடித்த குழாய்கள் ஓடுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் சாதாரணச் சதை என்று விடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.