பயறு சைலேஜ் மூட்டை வாங்கப் போகிறீர்களா? எனக்கு 27,000 ரூபாய் போச்சு

கடைசி மூட்டையை இப்போதுதான் எருக்குழியில் கொட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை.

பவானிப் பக்கம் எங்களுக்கு ஐந்து கறவை மாடு. கிணறு வற்றிப் பசுந்தீவனம் இல்லை. தீவனம் விற்கிற ஒரு மொபைல் ஆப்பில் "தட்டைப்பயறு, வேலிமசால் சைலேஜ், கிலோ 9 ரூபாய், புண்ணாக்குச் செலவு பாதியாகும்" என்று போட்டிருந்தார்கள். சைலேஜ் என்றால் பசுந்தீவனத்தை நறுக்கிக் காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்கவைத்தது; தட்டைப்பயறு, வேலிமசால் இரண்டும் பயறுவகைத் தீவனம். மக்காச்சோள சைலேஜில் புரதம் காய்ந்த எடைக் கணக்கில் சுமார் 8 சதவீதம்தான் வரும், பயறுவகையில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் போன் போட்டேன்.

பேசியவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "செவலை எத்தனாவது ஈத்துங்க அக்கா? சினை நின்னுருச்சா?" என்று மாட்டைத்தான் விசாரித்தார். ஒரு மூட்டையைக் கிழித்துக் காட்டி வீடியோ அனுப்பினார். இளம்பச்சையும் மஞ்சளுமாக, பார்க்கவே அவ்வளவு அழகு. "எங்க மாட்டுக்குப் போடறதைத்தான் அக்கா உங்களுக்கும் அனுப்பறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். முன்பணம் 10,000 அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு லாரி வந்தது. இறக்கின கையோடு மீதி 17,000. இருட்டில் ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

காலையில் கிழித்தால், அடியில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தண்டெல்லாம் விரல் நீளம், கொழகொழவென்று. கெட்டுப்போன வெண்ணெயும் சாக்கடையும் கலந்த நாற்றம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தேன், சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. செவலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

போன் போட்டால், "புதுத் தீவனம் அக்கா, ரெண்டு நாள் பழகட்டும்." அதை நம்பித் தவிட்டில் கலந்து போட்டேன். செவலைக்குக் கழிச்சல், 11 லிட்டர் கறந்தது 7 லிட்டருக்கு வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டால், "சைலேஜுன்னாலே புளிச்ச வாசம்தான்." மூன்றாவது தடவை, "லாரியில ஓட்டை விழுந்திருக்கும், டிரைவரைக் கேளுங்க." அப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? 60 மூட்டை, 3 டன், 27,000 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு மாதத்துப் பால் காசு.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: பயறுவகையில் சர்க்கரை குறைவு, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அதனால் சீக்கிரம் புளிக்காது. அறுத்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் நல்ல புளிப்பு ஏறுவதற்குள் அழுகவைக்கும் கிருமி முந்திக்கொள்ளும். ஒரு பகல் வாடப்போட்டு, அரை அங்குலத்துக்கு நறுக்கி, நூறு கிலோவுக்கு நாலு கிலோ வெல்லப்பாகு தெளித்து, காற்றுப் போக மிதித்துக் கட்டி, 45 நாள் விட வேண்டுமாம். இல்லையென்றால் மக்காச்சோளத்தோடு கலந்து போட வேண்டுமாம். இதில் ஒன்றையும் அவர்கள் செய்யவில்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பகலில் இறக்கச் சொல்லுங்கள். நாலு மூட்டையாவது கிழித்துப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். பிழிந்தால் கை நனையலாம், சொட்டக் கூடாது. பூஞ்சணம் இருந்தால் மாட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள், அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். பில் கேட்டு வாங்குங்கள். என்னிடம் பில் இல்லை, பணம் அனுப்பின மெசேஜை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன்.

செவலைக்கு இன்னும் கழிச்சல் நிற்கவில்லை. டாக்டர் வண்டி வந்துவிட்டது, போகிறேன்.