ஆறங்குல மீனாட்சிக்கு ஒரு பாவாடை

பதினேழு நாள் மதுரையில் இருந்தேன். பேங்க், ஆதார், பல் டாக்டர் எல்லாம் முடிந்தது, அதை விடுங்கள். என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பாவாடை.

நியூ ஜெர்சி வீட்டுப் பூஜை அலமாரியில் ஆறங்குலப் பித்தளை மீனாட்சி இருக்கிறாள். "கையோட கொண்டு வா, புது மண்டபத்துல குடுத்தா ஒக்காந்திருக்கும்போதே தச்சுருவாங்க" என்றாள் அம்மா. அந்த நம்பிக்கையில் மீனாட்சி கோயில் கீழக் கோபுரத்துக்கு எதிரே போய் நின்றால் மண்டபத்தில் ஈ காக்கா இல்லை. தூணுக்குத் தூண் தடதடத்த தையல் மெஷின், யாளி காலடியில் குவிந்த வெட்டுத்துணி, பஞ்சாங்கக் கடை, பித்தளைப் பாத்திரம், ஒன்றையும் காணோம். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

நியாயம்தான். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டியது வசந்த விழாவுக்கு, ஜாக்கெட் தைக்க இல்லை. 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீர வசந்தராயர் மண்டபம் எரிந்த பிறகு, கல் தூணுக்கு நடுவே துணிக்கடை வேண்டும் என்று யார் வாதாடுவது? ஆனாலும் சத்திரத்தில் வரிசையாக ஷட்டர், டியூப் லைட். நியூ ஜெர்சி மால் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவா இருபது மணி நேரம் பறந்து வந்தேன்?

எங்கள் வீட்டுக்கு வழக்கமாகத் தைக்கும் பாயைத் தேடிப் பிடித்தேன். கடையில் கால் வைக்க இடமில்லை. சித்திரைத் திருவிழா நேரம், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் தலைப்பா, சல்லடம், சரிகை வைத்த சிவப்பும் பச்சையுமாகக் கூரைவரை. அந்த உடுப்பெல்லாம் பல காலமாக முஸ்லிம் தையல்காரர்கள் கைவேலைதான். "அழகர் ஆத்துல எறங்கட்டும் தம்பி, பெறகு பாப்போம்" என்றார்.

"பாய், எனக்கு பௌர்ணமிக்கு ரெண்டு நாள் முன்னாடி பிளைட்டு."

"அப்ப நாளைக்கு வாங்க."

நாளைக்குப் போனேன். மறுநாளும் போனேன். நியூ ஜெர்சியில் ஒரு பேன்ட் மடித்துத் தைக்கவே அப்பாயின்ட்மென்ட், ரசீது, மன்னிப்புக் கேட்டு இமெயில். இங்கே "டீ சாப்பிடுறீகளா?" எரிச்சலில் குடித்த மூன்று டீயும், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

நான்காம் நாள் சிலையை வாங்கினார். டேப்பைத் தொடவில்லை. இடுப்பில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக வைத்தார், பீடம்வரை விரல் வைத்துப் பார்த்தார். அழகர் உடுப்பில் மிஞ்சிய பச்சைத் துண்டை எடுத்து மெஷினில் கொடுத்தார். பத்தே நிமிஷம். இதற்கா நாலு நாள்! எண்பது ரூபாய்.

நியூ ஜெர்சி வந்து கட்டிவிட்டபோதுதான் பார்த்தேன். விளிம்புக்கு உள்ளே ஒரு விரற்கடை மடித்துத் தைத்திருக்கிறார், வளரும் பிள்ளைக்கு விடுவது போல. போனில் கேட்டால் சிரிக்கிறார்:

"கை பழகிருச்சு தம்பி."